மொரிஷியஸ் ஷாப்பிங்குக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் அடுத்த மாதம் ஐந்து இரவு மொரிஷியஸ் போகிறோம். டூர் பேக்கேஜுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஷாப்பிங்குக்கு மட்டும் ஒன்றரை லட்சம் ஒதுக்கலாம் என்று நினைக்கிறோம். கையில் 80,000 ரூபாய் இருக்கிறது, மீதியை கிரெடிட் கார்டில் போட்டு இஎம்ஐ ஆக்கிக்கொள்ளலாம் என்கிறார் மைத்துனர். அங்கே வைரமும் பிராண்டட் துணியும் வரி இல்லாமல் சல்லிசாகக் கிடைக்கும் என்று டூர் ஏஜென்ட் சொல்கிறார். மனைவிக்கு ஒரு வைர பெண்டன்ட் வாங்க ஆசை. உறவினர்களுக்கும் ஏதாவது வாங்கி வர வேண்டும். எங்கே, எதை வாங்கலாம்? பணத்தை எப்படிக் கொண்டுபோவது?
வாசகர், திருப்பூர்

பதில்: ஒன்றரை லட்சம் வேண்டாம். கையில் இருக்கும் 80,000-ஐயும் முழுதாக எடுத்துப் போக வேண்டாம். 40,000 ரூபாய் போதும். நீங்கள் இருவரும் ஆசைப்பட்டதை வாங்கி, உறவினர்களுக்கும் கொடுத்து, மிச்சமும் பிடிக்கலாம். இஎம்ஐ பேச்சை மைத்துனரோடு விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் எதை எடுத்தாலும் இரண்டு விலை உண்டு. கடைக்காரர் சொல்வது ஒன்று. நாணய மாற்று, கார்டுக் கட்டணம், நம் ஊர் சுங்கம் எல்லாம் தாண்டி அந்தப் பொருள் உங்கள் வீடு வந்து சேரும்போது ஆகியிருப்பது இன்னொன்று. ஏஜென்ட் முதல் விலையைச் சொல்கிறார். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

மொரிஷியஸில் நம்மவர்கள் ஏமாறுகிற முதல் இடம் விலைச்சீட்டுதான். அங்கேயும் நாணயத்தின் பெயர் ரூபாய். போதாக்குறைக்கு நோட்டில் தமிழ் எழுத்து வேறு இருக்கும். (1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். அந்நாட்டுத் தமிழர்கள் கொதித்தெழ, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.) தாய்மொழியில் எழுதிய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘ரூ.1,500’ என்ற சீட்டைப் பார்த்தால், நம் ஊர் ஆயிரத்து ஐந்நூறு என்றே மனசு எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு மொரிஷியஸ் ரூபாய் என்பது நம் இரண்டு ரூபாய்க்குச் சற்றே குறைவு. கண்ணில் படும் விலையை எல்லாம் இரண்டால் பெருக்கிவிடுங்கள், தசம கணக்கெல்லாம் வேண்டாம். அந்த 1,500 ரூபாய்ப் பை நமக்கு ஏறத்தாழ 3,000. சாதாரண கிரெடிட் கார்டில் தேய்த்தால் வங்கி 3.5% வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும், அதன்மேல் 18% ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 4.13%. அதாவது இன்னொரு 120 ரூபாய்.

அடுத்தது வைரம். கடிதத்தைப் பார்த்தால் பட்ஜெட் ஒன்றரை லட்சம் ஆனதே இதனால்தான் என்று தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மொரிஷியஸில் வாட் வரி 15%. பாஸ்போர்ட்டையும் விமான டிக்கெட்டையும் காட்டினால் ஃப்ளோரியால் பக்கத்து வைர ஷோரூம்களில் அந்த வரி இல்லாமல் தருவார்கள். ‘டியூட்டி ஃப்ரீ’ என்று ஏஜென்ட் சொல்வது இதைத்தான். பொய் இல்லை. ஆனால் 15% மிச்சம் என்பது அங்கே வாழ்கிறவர் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால்தான். திருப்பூரிலோ கோவையிலோ நீங்கள் நகை வாங்கினால் கட்டுகிற ஜிஎஸ்டி 3% தான். ஆக, உங்களைப் பொறுத்தவரை மிச்சம் அந்த 3%, அவ்வளவே. உலகத்து வைரங்களில் பெரும்பங்கு பட்டை தீட்டப்படுவது சூரத்தில். சூரத்தில் தீட்டிய கல்லை இந்தியப் பெருங்கடல் தாண்டிப் போய் வாங்கி, சுங்கத்துக்குக் கணக்குச் சொல்லித் திரும்பக் கொண்டுவருவதில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை.

சுங்கம் என்றதும் ஒரு விஷயம். விமானத்தில் வரும் இந்தியர் ஒருவர் தீர்வை கட்டாமல் கொண்டுவரக்கூடிய பொருள்களின் மதிப்பு நெடுநாள் 50,000 ரூபாயாக இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய பயணச் சுமை விதிகளில் அது 75,000 ஆகியிருக்கிறது. ‘நாங்கள் இரண்டு பேர், ஆக ஒன்றரை லட்சம்’ என்று கணக்குப் போட்டிருந்தால், அங்கேதான் சிக்கல். இருவர் சலுகையையும் ஒரே பொருளுக்குச் சேர்க்க முடியாது. பெண்டன்ட் 60,000 மொரிஷியஸ் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் பணத்தில் ஏறக்குறைய 1.2 லட்சம். அதில் 75,000 போக, மீதி 45,000-க்குத் தீர்வை உண்டு, உங்கள் பங்கு சலுகை அப்படியே மிச்சம் இருந்தாலும். அந்தத் தீர்வை விகிதம் லேசுபட்டதல்ல. ஷோரூமில் மிச்சம் பிடித்தது விமான நிலையத்திலேயே கரைந்துவிடும். அளவு சரியில்லை, கொக்கி விட்டுப்போயிற்று என்றால் திரும்பப் போய் மாற்றவும் முடியாது. வைரத்தை விற்கப் போனால் வாங்கிய விலை கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். வெளிநாட்டு பில்லோடு போனால் உள்ளூர்க் கடைக்காரர் இன்னும் இழுப்பார்.

மனைவியின் ஆசையை ஒதுக்கச் சொல்லவில்லை. திரும்பி வந்து, உங்கள் ஊரிலேயே, தரச் சான்றிதழோடு, ‘திரும்ப எடுத்துக்கொள்வோம்’ என்று பில்லில் எழுதித் தருகிற கடையில் வாங்கிக் கொடுங்கள். வீட்டிலிருந்து நிறைய தங்க நகை அணிந்து போவதாக இருந்தால், கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ‘இது அங்கே வாங்கியதா?’ என்ற கேள்வி திரும்பும்போது வராது.

துணி. திருப்பூர்க்காரருக்கு நான் என்ன சொல்வது? 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்த பிறகு மொரிஷியஸ் பின்னலாடையில் பெரிதாக வளர்ந்தது உண்மை. ஐரோப்பிய பிராண்டுகளுக்குத் தைத்ததில் மிஞ்சியது அங்கே கடைக்கு வருவதும் உண்மை. உங்கள் ஊர் காதர்பேட்டையில் அதே சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்று போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிறகு நீங்களே அங்கே துணி எடுக்க மாட்டீர்கள்.

சரி, அப்படியென்றால் எதைத்தான் வாங்குவது? அந்தத் தீவில் விளைவதை, அங்கேயே செய்வதை. அதையும் அந்த ஊர்க்காரர்கள் வாங்கும் இடத்தில்.

முதலில் சர்க்கரை. மொரிஷியஸ் கரும்புத் தீவு. டெமராரா, மஸ்கவாடோ என்று பழுப்பும் கருப்புமாகப் பல ரகம். கருப்பு மஸ்கவாடோவைத் திறந்தால் நாட்டுச் சர்க்கரை மணம் வரும், ஆனால் ஈரப்பதமாகக் கையில் ஒட்டும், பாகு வாசனை தூக்கலாக இருக்கும். பாம்ப்லெமூஸ் பக்கம் பழைய ஆலை ஒன்றை அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள், லாவான்டூர் து சுக்ர் என்று பெயர். சுற்றிப் பார்த்து முடித்ததும் எல்லா ரகத்தையும் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். அங்கே ருசி பாருங்கள், வாங்குவதை சூப்பர் மார்க்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து தேயிலை. புவா ஷெரி தோட்டத்தில் 1892-லிருந்து தேயிலை போடுகிறார்கள், வெனிலா மணம் சேர்த்த டீதான் அதில் பிரபலம். உறவினர் பட்டியலுக்கு இந்த இரண்டும் போதும். உடையாது, கெடாது, எடை அதிகமில்லை, எல்லார் வீட்டிலும் செலவாகும். ஷமாரேல் ரம் வேண்டுபவர்கள் வாங்கலாம். ஒருவருக்கு இரண்டு லிட்டர்தான் நம் சுங்க வரம்பு, பாட்டிலைத் துணியில் சுற்றி செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

இவற்றை வாங்க கிராண்ட் பே பக்கம் தங்கினால் சூப்பர் யூ என்ற சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. தீவின் நடுப்பக்கம் என்றால் பகாடெல் மால். ஹோட்டல் கடையிலும் விமான நிலையத்திலும் அதே டீ, அதே சர்க்கரை, பெட்டி மட்டும் அழகாக இருக்கும், விலை கூடுதலாக இருக்கும். கடைசி நாளுக்கென்று வைத்தால் அங்கேதான் போய் நிற்பீர்கள். ஆகவே இரண்டாம் நாளே முடித்துவிடுங்கள்.

கைவினைப் பொருள்களுக்கு போர்ட் லூயி மத்திய மார்க்கெட். கீழே காய்கறி, பழம், கஷாய மூலிகைக் கட்டுகள். மேல் மாடியில் பை, கூடை, மேஜை விரிப்பு, மர டோடோ பறவை. இந்திய முகத்தைப் பார்த்ததும் இந்தியில் கூப்பிடுவார்கள். சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பிக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே தொங்கும் ராஃபியா நார்ப் பைகளில் பல மடகாஸ்கரிலிருந்து வருபவை. அழகான வேலைப்பாடு, தாராளமாக வாங்கலாம், ‘மொரிஷியஸ் தயாரிப்பு’ என்று கூடுதல் விலை மட்டும் தராதீர்கள். காலையிலேயே போங்கள். போர்ட் லூயி அலுவலக ஊர், மாலை 5 மணிக்கு மேல் கடைத்தெரு அடங்கிவிடும், ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது. படியிறங்கி வந்தால் வாசலில் பருப்பு பூரி, காத்தோ பிமான். இரண்டாவதைக் கடித்தால் நம் மசால் வடைக்கு யார் இந்தப் பெயர் வைத்தது என்று கேட்பீர்கள்.

தங்குமிடம் தெற்கே என்றால் மாயேபூரின் திங்கள் சந்தை, கிழக்கே என்றால் ஃப்ளாக்கின் ஞாயிறு சந்தை. இரண்டும் முதன்மையாக அந்த ஊர்க்காரர்களுக்கான சந்தை, விலையும் அதற்கேற்ப இருக்கும். துறைமுகத்தை ஒட்டிய கோடான் வாட்டர்ஃப்ரன்ட் பார்க்க நன்றாக இருக்கும், வாங்குவதற்கு எனக்கு அவ்வளவு பிடித்த இடமில்லை. ஆனால் அங்கே இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 1847-ல் வெளியான இரண்டு அஞ்சல் தலைகளை உள்ளூர் வங்கியும் நிறுவனங்களும் சேர்ந்து 1993-ல் இருபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து மீட்டு வந்து வைத்திருக்கிறார்கள். ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் முகமதிப்பு. அந்தத் தீவில் முதலீடு என்று சொல்லத்தக்கதை நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

ஆசைக்கு ஒரு பெரிய பொருள் வேண்டும் என்றால், வைரத்துக்குப் பதில் மரக்கப்பல். பழைய பாய்மரக் கப்பல்களை அளவு மாறாமல் சிறியதாகச் செய்வது மொரிஷியஸின் தனிக் கைவேலை, க்யூர்பீப்பிலும் குட்லண்ட்ஸிலும் பட்டறைகள் உண்டு. கயிறு ஒவ்வொன்றும் கையால் கட்டியது. பாய்த்துணியைத் தேநீரில் முக்கிப் பழுப்பேற்றியிருப்பார்கள். சிறியது ஒன்று எடுங்கள், மரப் பெட்டியில் கட்டித் தரச் சொல்லுங்கள், விமானத்தில் கைப்பையோடு போகுமா என்று அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். டூர் வண்டி ஓட்டுநர் தானாக நிறுத்தும் ஷோரூமில் மட்டும் உடனே பணம் எடுக்காதீர்கள். அவருக்கு அங்கே கமிஷன் இருக்கலாம், அது உங்கள் பில்லில்தான் ஏறும். விலையைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, இன்னொரு பட்டறையில் கேட்ட பிறகு முடிவெடுங்கள். சங்கு, சிப்பி, பவளம் எதையும் வாங்க வேண்டாம். இரு நாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

இனி பணம். மொரிஷியஸ் ரூபாய் நம் ஊரில் எளிதாகக் கிடைக்காது. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டிலும் பெரும்பாலான வங்கிகள் அந்த நாணயத்தை வைப்பதில்லை. டாலரில் ஏற்றி அங்கே தேய்த்தால் மறுபடி ஒரு மாற்றுக் கட்டணம், ஆக அந்தக் கார்டால் இந்தப் பயணத்தில் பெரிய பலன் இல்லை. 2024 பிப்ரவரி 12 முதல் மொரிஷியஸில் நம் யுபிஐ செல்லும், ரூபே கார்டும் செல்லும். எல்லாக் கடையிலும் இல்லை, மாலிலும் பெரிய கடைகளிலும் முயலலாம். கிளம்பும் முன்பே செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி, உங்கள் வங்கி என்ன கட்டணம் பிடிக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். சந்தைக்கு ரொக்கம்தான். கொஞ்சம் டாலரோ யூரோவோ கொண்டுபோய், ஹோட்டல் வரவேற்பறையில் மாற்றாமல், வங்கியிலோ நாணய மாற்றுக் கடையிலோ மாற்றுங்கள். மிஞ்சிய நோட்டை அங்கேயே விமான நிலையத்தில் திருப்பி மாற்றிவிடுங்கள், இங்கே வந்தால் விலை போகாது.

கிரெடிட் கார்டு ஒன்று கையில் இருக்கட்டும், அவசரத்துக்கு. கடையில் இயந்திரம் ‘இந்திய ரூபாயா, மொரிஷியஸ் ரூபாயா’ என்று கேட்டால் மொரிஷியஸ் ரூபாயையே அழுத்துங்கள். இந்திய ரூபாயில் காட்டும் தொகை புரியும்படி இருக்கும், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்தது. அந்தக் கார்டை ஏடிஎம்மில் செருகாதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பில்லில் நிலுவை வைத்தால் மாதம் 3 முதல் 3.75% வட்டி. மைத்துனர் சொல்லும் இஎம்ஐ வட்டி அதைவிடக் குறைவுதான், ஆனாலும் ஐந்து நாள் ஊர் சுற்றியதற்கு ஒரு வருஷம் தவணை கட்டுவீர்கள்.

அப்புறம், 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஒரு இரவுக்கு ஒருவருக்கு 3 யூரோ கட்டணம் வாங்குகிறார்கள். உங்கள் இருவருக்கும் ஐந்து இரவுக்கு 30 யூரோ. பேக்கேஜில் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். பேக்கேஜ் பணத்தோடு டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடித்திருப்பார், அதன் ரசீதையும் அப்போதே வாங்கிவிடுங்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்ப வரும். பெண்டன்ட் கணக்கில் அதைப் போட்டு வையுங்கள்.