மகளின் பெயர் விடுபட்டுவிட்டது என்று எழுதிய அம்மாவுக்கு

வணக்கம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து யாரோ எழுதிய மென்பொருளில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறாள், ஒரு பைசா வருமானம் கிடையாது, அதே மென்பொருளைப் பெரிய பெரிய கம்பெனிகள் இலவசமாக எடுத்து வைத்துக்கொண்டு சம்பாதிக்கின்றன, இதில் என் பெண்ணுக்கு என்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மூன்று வாரம் மெனக்கெட்டு அவள் கண்டுபிடித்த திருத்தம் போன மாதம் புது வெளியீட்டில் சேர்ந்துவிட்டது, வேறொருவர் பெயரில். அன்றைக்கு யாரோடும் பேசாமல் படுத்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். "போனால் போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது" என்றும் சொல்லாதீர்கள். படிக்கிற வயதில் ஓப்பன் சோர்ஸ் வேலைக்கு, அதாவது யாரும் திறந்து பார்க்கவும் மாற்றவும் விட்டுவைத்த மென்பொருளில் செய்கிற வேலைக்கு, கிடைக்கிற கூலியே பெயர்தான். அது விடுபட்டால் கேட்டு வாங்க வேண்டும், கேட்பதற்கு முறையான வழியும் இருக்கிறது.

முதலில் அவள் நேரத்தை வீணடிக்கிறாளோ என்ற பயத்தைப் பார்ப்போம். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கம்ப்யூட்டருக்காக எழுத ஆரம்பித்ததுதான் லினக்ஸ், கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் அடியில் ஓடுவது அதுதான். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2001இல் மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னார். அதே மைக்ரோசாஃப்ட் 2018இல், உலகத்து ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் புழங்குகிற கிட்ஹப் என்ற இணையதளத்தை 750 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடம் ஐபிஎம், லினக்ஸை வைத்தே வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கி முடித்தது.

இலவசம் என்பதற்காக மட்டும் கம்பெனிகள் இதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு விற்பனையாளரை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம், ஆயிரம் பேர் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்த பொருளாக இருக்கும், தேவைப்பட்டால் உள்ளே திறந்து மாற்றிக்கொள்ளலாம், அதைவிட முக்கியமாக அதைத் தெரிந்த ஆட்கள் வெளியில் கிடைப்பார்கள். உங்கள் மகள் இப்போது ஆகிக்கொண்டிருப்பது அப்படி ஒரு ஆளாகத்தான். இன்றைக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேரும் மாற்றங்களில் பெரும்பகுதி இன்டெல், கூகுள், ரெட் ஹேட் மாதிரி நிறுவனங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் எழுதுவது. அவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் ஆரம்பித்தவர்கள்தான்.

சரி, இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனமில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒன்று உண்டு, இணையத்தில் நாம் அனுப்பும் ரகசியத் தகவல்களைப் பூட்டி அனுப்புவதற்கு உலகில் பாதிப் பேர் நம்பியிருந்த மென்பொருள். 2014இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை வெளியே வந்தபோதுதான், அந்தத் திட்டத்துக்கு வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்று ஊருக்கே தெரிந்தது. 2024இல் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளில் நடந்ததைக் கேட்டால் இன்னும் மனசு கஷ்டப்படும். பல வருடமாகத் தனியாளாகச் சுமந்து களைத்துப்போன ஒருவரிடம் உதவி செய்ய வருவதுபோல வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பெயர் வாங்கி, கடைசியில் திருட்டுக் கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார்கள். லாகின் ஆவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்ட ஒரு இன்ஜினியர் தோண்டிப் பார்த்ததால்தான் உலகம் தப்பியது. வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இவை இரண்டும் போதும். ஆகவே உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ராத்திரி ஒரு மணி என்பதைப் பதினொன்றாகக் குறைக்கச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. களைத்துப்போய் விட்டுவிட்டுப் போகிறவர்களை இந்தத் துறை நிறையப் பார்த்துவிட்டது.

இப்போது பெயர் விஷயம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்பதைப் பதிவு செய்யும் கருவியின் பெயர் கிட். அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பெயருக்கு இடம் உண்டு. எழுதியவர் ஒருவர், அதை எடுத்து உள்ளே சேர்த்தவர் ஒருவர். நீங்கள் எழுதிய கடிதத்தை இன்னொருவர் தபாலில் போட்ட மாதிரி. மகள் அனுப்பிய பேட்சை, அதாவது திருத்த நிரலை, அப்படியே எடுத்துச் சேர்த்திருந்தால் எழுதியவர் இடத்தில் அவள் பெயர் தானாகவே வந்திருக்கும். அவள் விஷயத்தில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. திட்டத்தைப் பராமரிக்கிறவர் அவள் கண்டுபிடித்ததைப் படித்து, அது சரி என்று புரிந்துகொண்டு, தன் பாணியில் நாலு வரியாகத் திரும்ப எழுதிச் சேர்த்திருப்பார். அல்லது நாலைந்து பேரின் மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டிச் சேர்க்கும்போது எழுதியவர் இடத்தில் ஒரே ஒரு பெயர் நின்றிருக்கும். என்னிடம் வந்த பிள்ளைகளின் கதைகளில் பத்தில் எட்டு இப்படித்தான், அவசரமும் கவனக்குறைவும். வேண்டுமென்றே எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஆனால் எந்தக் காரணமாக இருந்தாலும் விடுபட்டது விடுபட்டதுதான்.

நல்ல திட்டங்கள் இதற்காகவே வரி வரியாக இடம் வைத்திருக்கின்றன. லினக்ஸ் கெர்னலில் ஒரு மாற்றத்தின் அடியில் பாருங்கள், பிழையைச் சொன்னவர், யோசனை கொடுத்தவர், சேர்ந்து எழுதியவர், சரிபார்த்தவர், ஓட்டிப் பார்த்தவர் என்று தனித்தனி வரிகள் வரும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுதளத்தின் பெரிய வெளியீட்டுக் குறிப்புகளின் கடைசியில் அகர வரிசையில் நீளமான பெயர்ப் பட்டியல் இருக்கும், நிரல் எழுதியவர்களோடு பிழையைத் தெரிவித்தவர்களும் அதில் உண்டு. ஆகவே மகள் எழுதிய ஒரு வரிகூடக் கடைசியில் உள்ளே போகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்தாளே, அதற்கே அவள் பெயர் வர வேண்டும். "நான் எழுதிய நிரல் இல்லையே, எப்படிக் கேட்பது" என்று அவள் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது? முதலில் பொதுவெளியில் திட்டி எழுத வேண்டாம். கோபம் ஆறின பிறகு, பகல் நேரத்தில், அந்தத் திருத்தம் பேசப்பட்ட அதே உரையாடல் இழையில் சுருக்கமாக எழுதட்டும். "இந்தத் திருத்தம் சேர்ந்ததில் சந்தோஷம். இதன் காரணத்தை நான் இன்ன தேதியில் இங்கே விளக்கி ஒரு பேட்சும் அனுப்பியிருந்தேன். வெளியீட்டுக் குறிப்பிலும் பங்களிப்பாளர் பட்டியலிலும் என் பெயரைச் சேர்க்க முடியுமா?" அவ்வளவுதான், கூடவே பழைய இணைப்பு. பழைய பதிவையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம், ஏனென்றால் கிட்டில் ஏற்கெனவே சேர்ந்த ஒன்றைத் திருத்தினால் அதற்கு மேல் அடுக்கிய எல்லாவற்றின் அடையாள எண்ணும் மாறி, மற்றவர்கள் கையில் இருக்கும் பிரதிகளோடு பொருந்தாமல் போய்விடும். பட்டியலில் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை, யாருக்கும் சங்கடமில்லை. பெரும்பாலும் மன்னிப்போடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் இன்னொரு தடவை கேட்கலாம், அப்புறமும் மௌனம் என்றால் அவள் உழைப்பை வேறு திட்டத்துக்குக் கொண்டுபோகலாம். பெயர் கொடுக்காத இடம் கற்றுக் கொடுக்கிற இடமாகவும் இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

சட்டம் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு இருக்கிறது. மாடல் ரயில் ஓட்டுவதற்கான இலவச மென்பொருள் ஒன்றை ராபர்ட் ஜேகப்சன் என்ற பேராசிரியரும் மற்றவர்களும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். அதிலிருந்து எடுத்தவர்கள் ஆசிரியர் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் நீக்கிவிட்டுத் தங்கள் பொருளில் சேர்த்துவிட்டார்கள் என்று வழக்கு. 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயரைப் போட வேண்டும் என்ற நிபந்தனை பதிப்புரிமைச் சட்டப்படி செல்லும் என்றது. பணம் கைமாறவில்லை என்பதாலேயே அந்த உழைப்புக்குப் பொருளாதார மதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. "ஓசி வேலை" என்று மனதுக்குள் ஒரு எண்ணம் இருந்தால் அந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போனில் அமைப்புகளுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியில் சட்டத் தகவல் என்பதைத் திறந்து, ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் என்ற பக்கத்தைப் பாருங்கள். விரல் வலிக்கும் வரை தள்ளலாம், அவ்வளவு நீளம். எம்ஐடி, அப்பாச்சி மாதிரியான உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பை அப்படியே வைத்திருக்கச் சொல்வதால் வந்த பக்கம் அது. ஆனால் கவனித்துப் பார்த்தால் பல இடங்களில் ஒரு நிறுவனத்தின் பெயரோ, "மற்றும் பங்களிப்பாளர்கள்" என்ற ஒரு சொல்லோதான் இருக்கும். உங்கள் மகள் அந்தச் சொல்லுக்குள் இருப்பாள். தனித்தனி ஆளின் பெயரை அதுவரைக்கும் கொண்டுபோகச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, திட்டத்தின் பழக்கமும் ஆட்களின் நேர்மையும்தான் கொண்டுபோகும்.

அப்படிக் கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 2021 ஏப்ரலில் செவ்வாய்க் கிரகத்தில் இன்ஜெனுவிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டர் பறந்ததே, அதில் பயன்பட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களின் பட்டியலை வைத்து, அவற்றுக்குப் பங்களித்தவர்கள் யார் யார் என்று கிட்ஹப் தேடியது. கிட்டத்தட்ட 12,000 பேர் வந்தார்கள். ஒவ்வொருவருடைய பக்கத்திலும் ஒரு சின்னத்தைப் பதித்துவிட்டார்கள். தங்கள் கை பட்ட ஒன்று இன்னொரு கிரகத்தில் பறந்தது என்று அவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் தெரியாது.

வேலை என்று வரும்போது இதெல்லாம் எப்படி உதவும்? ரெஸ்யூமேயில் "ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு" என்று ஒற்றை வரி எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இன்ன மென்பொருளில் இது உடைந்தது, நான் இதைக் கண்டுபிடித்தேன், இவர் சரிபார்த்தார், இந்த வெளியீட்டில் சேர்ந்தது, இதோ இணைப்பு என்று எழுதினால் இன்டர்வியூவில் கேள்வியே அதிலிருந்துதான் வரும். ஆள் எடுக்கிறவர்கள் அந்த இழையைத் திறந்து, மாற்றுக் கருத்து வந்தபோது அவள் எப்படிப் பதில் எழுதியிருக்கிறாள் என்று பார்க்கிறார்கள். தனக்கு யோசனை சொன்னவரின் பெயரை அவள் போட்டிருக்கிறாளா என்றும் பார்க்கிறார்கள், நானாக இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

ஒரு சின்ன விஷயம், நிறைய பேர் கோட்டைவிடுவது. கல்லூரி மின்னஞ்சல் முகவரியை வைத்தே எல்லாப் பதிவும் போட்டிருந்தால், படிப்பு முடிந்து அந்த முகவரி மூடப்பட்ட பிறகு இதெல்லாம் தன்னுடையது என்று காட்டச் சிரமப்படுவாள். சொந்த முகவரி ஒன்றையும் இப்போதே கிட்ஹப் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், எல்லா இடத்திலும் பெயரை ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

எண்ணிக்கைக்காக எழுத்துப்பிழை திருத்தம் நூறு அனுப்புகிற பழக்கம் வேண்டாம். ஏஐ எழுதித் தந்ததைப் புரியாமல் அனுப்புவது அதைவிட மோசம், பராமரிக்கிறவர்களின் நேரத்தை அது தின்றுவிடுகிறது, தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்வதும் ஆகும். உதவித்தொகையோடு செய்ய வேண்டும் என்றால் 2005இலிருந்து நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் இருக்கிறது, அவுட்ரீச்சி இருக்கிறது. இரண்டாவதில் பெண்களுக்கு நல்ல வரவேற்பு உண்டு. அப்புறம், ஒரு கம்பெனி எந்தெந்த ஓப்பன் சோர்ஸ் பொருளைப் பயன்படுத்துகிறது, அதன் நிபந்தனைகளைச் சரியாகக் கடைப்பிடிக்கிறதா என்று கணக்கு வைத்துக்கொள்வதே இப்போது தனி வேலையாக வளர்ந்திருக்கிறது. 2021 மே மாதம் அமெரிக்க அரசு, தனக்கு மென்பொருள் விற்கிறவர்கள் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைத் தர வேண்டும் என்ற திசையில் ஆணை போட்ட பிறகு அந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. நிரலும் தெரிந்து உரிமமும் படிக்கத் தெரிந்த ஆட்கள் குறைவு. மகளுக்கு இரண்டிலும் ஆர்வம் இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது, அவளிடம் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். வேலையில் சேரும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், சொந்த நேரத்தில் எழுதுவது யாருக்குச் சொந்தம் என்ற பத்தியை மட்டும் கட்டாயம் படிக்க வேண்டும், புரியாவிட்டால் எனக்கு அனுப்பட்டும்.

இன்றைக்குச் சாயங்காலம் அந்தத் திருத்தத்தின் பக்கத்தைத் திறந்து, "இதில் நீ கண்டுபிடித்தது எது, எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு முழுதாகப் புரியாது, பரவாயில்லை, அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருங்கள். பிறகு அந்த நாலு வரிக் கடிதத்தை அவளே எழுதட்டும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறேன்.