கேள்வி-பதில்: 2020 பேட்ச்சுக்கு வேலை எங்கே?

கேள்வி: மந்தநிலை போய்விட்டது, வேலைவாய்ப்பு பழையபடி ஆகிவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள். என் மகன் 2020இல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தான். இன்றுவரை படிப்புக்கேற்ற வேலை இல்லை. மதுரை கீழமாசி வீதியில் மொத்தப் பலசரக்குக் கடை ஒன்றில் டேலியில் பில் போடுகிறான். வேலைச் சந்தை உண்மையிலேயே மீள்கிறதா, இல்லை நம்மைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார்களா?
(ஒரு வாசகர், திருமங்கலம்)

பதில்: மீள்கிறது. ஆனால் போன வேலை, இழந்தவருக்கே திரும்பி வருவதில்லை. உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான்.

அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூனில் முடிந்ததாகக் குறித்தார்கள். வேலையின்மை உச்சத்தைத் தொட்டதோ அதற்குப் பிறகு, அக்டோபரில்: 10 சதவீதம். மொத்த வேலைகளின் எண்ணிக்கை பழைய அளவை எட்ட 2014 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை பேட்ச் கல்லூரியை விட்டு வெளியே வந்திருக்கும்! ஆள் எடுக்கத் தொடங்கும்போது நிறுவனங்கள் புதிதாக வந்தவர்களைத்தான் முதலில் பார்க்கின்றன. கனடாவில் மந்த காலத்தில் பட்டம் வாங்கியவர்களின் சம்பளத்தை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். மற்றவர்களை எட்டிப்பிடிக்க அவர்களுக்கு ஏறக்குறைய பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

அதற்காக மீளவே மீளாது என்றும் சொல்ல முடியாது. கொரோனாவில் அதே அமெரிக்காவில் இரண்டே மாதத்தில் இரண்டு கோடிக்கு மேல் வேலை போனது. 2022 நடுவிலேயே எண்ணிக்கை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

சரி, நம் கணக்குக்கு வருவோம். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வேலையின்மை 2017-18இல் 6.1 சதவீதம், 2023-24இல் 3.2. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணையும் பாருங்கள். வேலை செய்பவர்களில் விவசாயத்தில் இருப்பவர்கள் 2018-19இல் 42.5 சதவீதம்; 2020-21இல் 46.5, 2023-24இலும் 46.1. வயலை விட்டு ஆலைக்குப் போனவர்கள் வயலுக்கே திரும்பியிருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி வேலை போய், 2020இல் உசிலம்பட்டிப் பக்கம் ஊர் திரும்பி, இன்றும் அப்பாவோடு ஆடு மேய்க்கிறவர் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர். கூலியே இல்லாமல் குடும்பத் தொழிலில் கைகொடுக்கிறவரும் அப்படித்தான். உங்கள் மகனும் அந்த வரிசையில்தான் இருக்கிறார். டிவி சொல்வது பொய்யில்லை. அந்த எண் உங்கள் மகனின் குறையை அளப்பதில்லை.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். வாட்ஸ்அப்பில் சுற்றும் வாக்-இன் அறிவிப்புகளைப் படித்திருப்பீர்கள்: ‘2024, 2025 பாஸ் அவுட் மட்டும்’, ‘கேப் இருக்கக் கூடாது’ (படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்த இடைவெளியைத்தான் கேப் என்கிறார்கள்). 2020இல் கேம்பஸ் இன்டர்வியூ நின்றுபோனதும், கொடுத்த ஆஃபரைத் தள்ளிப்போட்டதும் அந்தப் பிள்ளைகள் செய்த குற்றமா? அன்று கதவைச் சாத்தியவர்களே இன்று, இத்தனை வருஷம் வெளியே ஏன் நின்றாய் என்று கேட்கிறார்கள். இது அநியாயம். சந்தை மீண்ட பிறகும் இவர்கள் மீளாமல் இருப்பதற்கு இந்த ஒரு வரி பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை நீக்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மதுரை கோ.புதூரில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்துகிறது. வருஷ நிபந்தனை போடும் நிறுவனத்துக்கு முகாமில் இடமில்லை என்று அங்கே சொல்லலாம், சொல்ல வேண்டும். கப்பலூர் தொழிற்பேட்டை முதலாளிகளும் இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் இருப்பவர்களும் அந்த வரியைத் தாங்களாகவே அடித்துவிடலாம். எந்த வருஷம் முடித்தாய் என்பதை விட்டுவிட்டு, என்ன தெரியும் என்று கேட்டுப் பார்க்கட்டும்.

அப்புறம், உங்கள் மகன் கடை வேலையைப் பயோடேட்டாவில் எழுதியிருக்கிறாரா? இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கடையிலா என்று கூச்சப்பட்டுப் பலர் அதை மறைத்துவிடுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது கேப்பாகத் தெரிகிறது. லாரியில் வரும் சரக்கை இன்வாய்ஸோடு ஒத்துப் பார்ப்பது, ஸ்டாக் வைப்பது, ஜிஎஸ்டி பில் போடுவது எல்லாம் எந்தத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸுக்கும் கொள்முதல் பிரிவுக்கும் வேண்டிய அனுபவம். கடை முதலாளியிடம் லெட்டர்பேடில், சேர்ந்த தேதியோடு, செய்யும் வேலைகளை வரிவரியாக எழுதி அனுபவச் சான்று வாங்கச் சொல்லுங்கள். கோ.புதூர் முகாமுக்கு அதையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.