3-வது கியரில் வழுக்கும் பழைய பிக்கப்: கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னுடையது 2001 ஷெவர்லே சில்வராடோ 1500 பிக்கப், 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 2.6 லட்சம் கி.மீ. ஓடியது. காலையில் ஒழுங்காகப் போகிறது. சூடேறிய பிறகு 2-லிருந்து 3-க்கு மாறும்போது இன்ஜின் மட்டும் அலறுகிறது, வேகம் கூடுவதில்லை. ஏற்றத்தில் 4-லும் அப்படித்தான். ரிவர்ஸ் நன்றாக இருக்கிறது. ஆயில் மாற்றினால் போதுமா? "பழைய ஆயிலைத் தொட்டால் வண்டி நின்றுவிடும்" என்றும் சொல்கிறார்களே?

பதில்: ஆயிலுக்கு அப்புறம் வருவோம். எந்த கியரில் வழுக்குகிறது, எதில் வழுக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

இந்த கியர்பாக்ஸில் 3-க்கும் 4-க்கும் பொதுவானது 3-4 கிளட்ச் என்ற தகட்டு அடுக்கு. 2-லும் 4-லும் டிரம்மை இறுக்கிப் பிடிப்பது 2-4 பேண்ட். ரிவர்ஸுக்கு வேறு இரண்டு கிளட்சுகள். உங்கள் வண்டியில் 2 பிடிக்கிறது, ரிவர்ஸ் பிடிக்கிறது, 3-ம் 4-ம் வழுக்குகின்றன. ஆகவே கோளாறு 3-4 கிளட்சில், அல்லது அதற்கு ஆயில் அழுத்தம் போகும் வழியில். இதே வண்டியில் 2, 4, ரிவர்ஸ் மூன்றும் ஒன்றாகப் போய் 1-ம் 3-ம் மட்டும் மிஞ்சியிருந்தால், சன் ஷெல் (நடு கியரை டிரம்மோடு இணைக்கும் கூடு) உடைந்துவிட்டது என்று அடியில் படுக்காமலே சொல்லிவிடலாம்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது 200, 300 ஆர்பிஎம் மட்டும் ஏறி இறங்கினால் அது கியர் வழுக்கல் ஆகாது. இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வர்ட்டர். அதற்குள், இரண்டையும் நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச்தான் நழுவுகிறது. 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை மாற்றாமல், இடது காலால் பிரேக் மிதியை லேசாகத் தொட்டுப் பாருங்கள். லாக்கப் விடுபட்டு ஆர்பிஎம் ஒரு படி ஏறினால், அதுவரை அது பிடித்திருந்தது என்று அர்த்தம். லாக்கப் நழுவும் வண்டிகளில் கம்ப்யூட்டரில் பி1870 என்ற பிழைக் குறியீடு (கோடு) பதிவாவது சகஜம். வால்வ் பாடியில் (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுகள் உள்ள பகுதி) லாக்கப் வால்வு ஓடும் துளை தேய்வதுதான் அதற்கு வழக்கமான காரணம். உங்கள் புகார் அதுவல்ல.

இனி ஆயில். சமதரையில், இன்ஜின் ஓடும்போது, பார்க்கில், ஆயில் 82 முதல் 93 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கையில்தான் டிப்ஸ்டிக் அளவு உண்மை பேசும். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். சிவப்போ இளம்பழுப்போ என்றால் கவலையில்லை. கரும்பழுப்பாகி, கருகிய வாடை அடித்து, நடுவில் கரும்புள்ளிகள் தங்கினால் கிளட்ச் தகட்டின் உராய்வுப் பொருள் உதிர்கிறது. ஸ்ட்ராபெர்ரி மில்க்ஷேக் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துவிட்டது. கூலன்ட் தகட்டின் பசையையே பெயர்த்துவிடும் என்பதால், அப்போது கீழே சொல்லப்போகும் சோதனை எதுவும் வேண்டாம், பிரித்தே ஆகவேண்டும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது கியர்பாக்ஸுக்கு வெளியே. இதற்கு முந்தைய கியர்பாக்ஸான 700ஆர்4-ல் த்ராட்டிலிலிருந்து வரும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் அழுத்தத்தைத் தீர்மானித்தது. அந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் 3-4 கிளட்ச் சீக்கிரமே கருகிவிடும். 4எல்60ஈ-யில் கேபிள் கிடையாது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவையும் த்ராட்டில் திறப்பையும் வைத்து கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அழுக்கேறி காற்றைக் குறைத்துக் காட்டினால், சுமை குறைவு என்று நம்பி அழுத்தத்தையும் குறைத்துவிடும். அதற்கென விற்கும் ஸ்ப்ரேயால் சென்சாரைச் சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. இதை விட்டுவிட்டு கியர்பாக்ஸை இறக்கியவர்கள் நிறைய.

அடுத்த சோதனைதான் இதில் முக்கியமானது. சூடேறி வழுக்க ஆரம்பித்ததும் வண்டியை நிறுத்தி, சாவியை அணைத்து, கியர்பாக்ஸின் வலப்பக்கம் மேலே இருக்கும் வட்டமான பெரிய மின் இணைப்பைக் கழற்றுங்கள். பக்கத்தில் சைலென்சர் குழாய் கொதிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாதபோது கியர் மாற்றும் இரண்டு ஷிஃப்ட் சோலனாய்டுகளும் (மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள்) அணைந்து கியர் 3-ல் நின்றுவிடும். அழுத்தக் கட்டுப்பாட்டு சோலனாய்டும் அணைவதால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். லீவரை டி-யில் போட்டு, ஆளில்லாத சமதரையில் மெதுவாகக் கிளப்பி, 40 கி.மீ. வந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இப்போது 3 கெட்டியாகப் பிடித்தால் கிளட்சில் இன்னும் உயிர் இருக்கிறது, அழுத்தம்தான் போதவில்லை. உச்ச அழுத்தத்திலும் வழுக்கினால் கிளட்ச் கருகிவிட்டது, அல்லது பிஸ்டன் சீல் வழியாக அழுத்தம் கசிகிறது. ஒரே ஒரு ஓட்டம் போதும். இணைப்பைத் திரும்ப மாட்டி, பதிவான பிழைக் கோடுகளை அழித்துவிடுங்கள்.

பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும் ஸ்டால் சோதனையைச் சிலர் சொல்வார்கள். ஏற்கெனவே வழுக்கும் கிளட்சை அது சில விநாடிகளில் பொசுக்கிவிடும். வேண்டாம்.

அழுத்தத்தில் சந்தேகம் வந்தால் கேஜ் மாட்டிப் பாருங்கள். இடப்பக்கம் கியர் லீவர் தண்டுக்கு மேலே 1/8 அங்குல பைப் திரெட்டில் ஒரு பிளக் இருக்கும். 300 பிஎஸ்ஐ-க்குக் குறையாத கேஜ் தேவை. சூடான நிலையில், ஐடிலில், டி-யில் 55 முதல் 65 பிஎஸ்ஐ இருக்கலாம். மின் இணைப்பைக் கழற்றியதும் 150-ஐத் தாண்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் பம்பில் இருக்கும், அழுத்தத்தை ஏற்றும் பூஸ்ட் வால்வு, ஃபில்டர் கழுத்து சீல், பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். இணைப்பைக் கழற்றினால் ஏறி, மாட்டினால் சுமையிலும் ஏறவில்லை என்றால் அழுத்தக் கட்டுப்பாட்டு சோலனாய்டையும் அதன் ஒயரையும் பாருங்கள். அந்த சோலனாய்டின் மின்தடை 3 முதல் 5 ஓம்; ஷிஃப்ட் சோலனாய்டுகளுக்கு 20 முதல் 40 ஓம்.

இப்போது கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டை, அதாவது பேனைக் கழற்றலாம். வெதுவெதுப்பாக இருக்கும்போது, அகலமான தட்டு வைத்து, 16 போல்ட்டில் முன்பக்கம் இரண்டை மட்டும் விட்டு மற்றதை எடுத்தால் பின்பக்கம் சரிந்து ஆயில் இறங்கும். அடியில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல வழவழப்பாக ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்க்கும்போது நெருடும் எஃகுத் துணுக்கு, பேன் அடியில் பித்தளை மினுக்கு, கருப்புச் செதில்கள் என்றால் இந்த வேலையோடு முடியாது.

ஃபில்டரை இழுத்தால் வந்துவிடும். அதன் கழுத்து சீல் பெரும்பாலும் கேஸிலேயே தங்கிவிடும். பழைய சீல் உள்ளே இருப்பது தெரியாமல் அதன்மேல் புதியதை அடித்தாலும், பழையதைத் தோண்டும்போது துளையில் கீறல் விழுந்தாலும் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். ஆயில் நுரைத்து, ஊளையிடும் சத்தம் வந்து, எல்லா கியரும் வழுக்கும். ஆழமான பேனுக்கும் ஆழமில்லாத பேனுக்கும் ஃபில்டர் வேறு. மாற்றி வாங்கினாலும் இதே கதைதான். "சர்வீஸ் செய்த பிறகுதான் கெட்டது" என்ற புகார்களில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன.

ஃபில்டர் இறங்கியிருக்கும்போதே பூஸ்ட் வால்வையும் கீழிருந்தே மாற்றலாம், கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஸ்னாப் ரிங்குக்குப் பின்னால் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். கட்டைவிரலால் தாங்கிக்கொண்டு எடுங்கள்.

மூடும்போது கேஸ்கட்டுக்கு சிலிகான் பூச வேண்டாம். பிதுங்கும் துண்டு உள்ளே போய் வால்வை அடைக்கும். போல்ட்டுகளுக்கு 11 நியூட்டன் மீட்டர் போதும். சுமார் 4.5 லிட்டர் டெக்ஸ்ரான் 6 ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓட்டி, பிரேக்கில் கால் வைத்தபடி எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, சூடானதும் அளவு பாருங்கள். அளவு மீறினாலும் நுரைக்கும்.

"பழைய ஆயிலைத் தொடாதே" என்பதற்கு வருவோம். உதிர்ந்த உராய்வுத் தூள் மிதக்கும் பழைய ஆயிலில், தேய்ந்த தகடு கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கலாம். புது ஆயில் வந்ததும் அந்தப் பிடி போய் வழுக்கல் வெளிப்படும். தகடு செத்தது முன்பே, பழி ஆயில்மேல். உங்கள் வண்டிக்கு பேனைக் கழற்றி மாற்றுவது சரி. மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் தள்ளும் ஃப்ளஷ் மட்டும் வேண்டாம். கருகிய வாடை இருந்தால் ஆயில் மாற்றி 3 திரும்பி வராது. சீலை மென்மையாக்கும் திரவங்கள் காய்ந்த சீலுக்குக் கொஞ்ச நாள் உதவலாம். கருகிய தகட்டுக்கு ஒன்றும் செய்யாது.

அதுவரை ஓட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால் லீவரை 2-ல் வைத்து மெதுவாகப் போங்கள். '3' என்ற இடத்தில் வைத்தாலும் அதே 3-4 கிளட்ச்தான் வேலை செய்கிறது, அதனால் பயனில்லை.

பிரிக்க நேர்ந்தால், கருகிய தகட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. இன்புட் டிரம்மில் விரிசல், அதிலுள்ள செக் பால் (சிறு குண்டு வால்வு) கசிவு, பிஸ்டனின் லிப் சீல், டெஃப்லான் ரிங்குகள் எல்லாம் பார்க்கப்பட வேண்டும். 2-4 பேண்டையும், கடினப்படுத்திய சன் ஷெல்லையும் கையோடு போடுங்கள். தகட்டு அடுக்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். கன்வர்ட்டரைப் புதிதாகப் போடுங்கள்; கூலரை எதிர்த்திசையில் கழுவி, ஐடிலில் 20 விநாடிக்குள் ஒரு லிட்டர் ஆயில் அதன் வழியே வருகிறதா என்று பாருங்கள்.

திரும்ப ஏற்றும்போது கன்வர்ட்டரைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள், பம்ப் கியரில் அமரும்வரை. கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்கை இன்ஜினோடு முழுக்க முறுக்கிய பிறகு, இன்ஜினின் பின்பக்கத் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டால் இழுத்து மூட வேண்டி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த முறுக்கில் பம்ப் உடையும்.