மூளையில் சிப், விண்வெளியில் வீரர்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கே: மூளையில் சிப் வைத்தால் விண்வெளி வீரர் இன்னும் வேகமாக வேலை செய்வாரா?

ப: மாட்டார். இன்றைய சிப்கள் கை கால் அசையாதவர்கள் நினைப்பாலேயே கர்சரை நகர்த்த உதவுகின்றன. கை நன்றாக இருப்பவருக்கு ஜாய்ஸ்டிக்கே போதும்.

கே: சரி சார், வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்?

ப: எடையின்மையில் உடலின் திரவம் தலைப்பக்கம் ஏறும். மாதக்கணக்கில் அங்கே இருந்துவிட்டு வந்தவர்களின் எம்ஆர்ஐ படங்களைப் பார்த்தபோது, மூளையே மண்டையோட்டுக்குள் சற்று மேலே நகர்ந்திருந்தது. இது 2017இல் வந்த ஆய்வு. இனி நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்திய சிப்பைப் பாருங்கள்: முடியைவிட மெல்லிய 64 இழைகள், அவற்றில் மூளையின் மின்சமிக்ஞையைப் பிடிக்கும் 1024 மின்முனைகள். தரையிலேயே, சில வாரங்களுக்குள், பல இழைகள் மூளையிலிருந்து விலகி வெளியே வந்துவிட்டன. மென்பொருளைத் திருத்திச் சமாளித்தார்கள். மூளையே இடம் மாறும் ஊரில் இழை எங்கே நிற்கும்?

கே: மண்டையைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாக வைப்பார்களாமே?

ப: ஸ்டென்ட்ரோடைச் சொல்கிறீர்கள், அதாவது மின்முனைகள் பதித்த ஒரு சின்ன கம்பிவலைக் குழாய். கழுத்துச் சிரை வழியாக ஏற்றி, மூளை உச்சியில் ஓடும் பெரிய சிரையில் நிறுத்துவார்கள். நல்ல யோசனைதான், தரையில். விண்வெளி நிலையத்தில் 11 பேரின் கழுத்துச் சிரையை ஸ்கேன் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. 6 பேருக்கு ரத்தம் தேங்கியோ எதிர்த்திசையில் ஓடியோ இருந்தது. ஒருவருக்கு ரத்தக்கட்டியே இருந்தது! அந்த வடிகால் பாதையில் நான் ஒரு கம்பியை விட மாட்டேன்.

கே: சிப் அனுப்பும் மூளைச் சமிக்ஞையைப் படிக்கும் ஏஐ தப்பாகப் புரிந்துகொண்டால்?

ப: புரிந்துகொள்ளும், அதில் சந்தேகம் வேண்டாம். போதாததற்கு அண்டக்கதிர் பட்டால் கணினி நினைவகத்தில் ஒரு பிட் புரண்டுபோகலாம், 0 இருந்த இடத்தில் 1 வந்துவிடும். செவ்வாயில் இருந்து பூமிக்கு ஒரு செய்தி வந்து சேரவே 22 நிமிடம் வரை ஆகும், கேட்டுத் திருத்த நேரமிருக்காது. அதனால் ஏஐ யோசனை சொல்லட்டும், பொத்தானை வீரர் அழுத்தட்டும்.

கே: அப்படியானால் இன்றைக்கு எதைச் செய்யலாம்?

ப: நிலையத்தில் வீரரின் விழிப்பை அளக்கும் 3 நிமிடப் பரிசோதனை ஒன்று ஏற்கெனவே உண்டு. திரையில் எண் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அதோடு மூளையின் மின்சமிக்ஞையை வெளியிலிருந்தே பதிவு செய்யும், தலையில் மாட்டும் ஈஈஜி தொப்பியைச் சேருங்கள். ஒவ்வொருவரின் வழக்கமான வேகத்தையும் ஏஐ கற்றுக்கொண்டால், "தூக்கம் போதவில்லை, ரோபோ கை வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கும். பிடிக்கவில்லையா, தொப்பியைக் கழற்றிவிடலாம்.

கே: வீரர் தானே விரும்பி சிப் கேட்டால்?

ப: "வேண்டாம் என்றாலும் உனக்குப் பயணத்தில் இடம் உண்டா?" என்று முதலில் அவரிடம் கேட்பேன். அப்புறம்தான் அவர் போடும் சம்மதக் கையெழுத்தைப் பற்றிப் பேச்சு.