கூட்டுவதா, கழிப்பதா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு வண்டிகள் ஓடும் கணக்குகளில், எதிரெதிர் திசை என்றால் வேகங்களைக் கூட்டு, ஒரே திசை என்றால் கழி என்பது மனப்பாடம். ஆனாலும் தேர்வு அறையில் குழம்பிவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: அந்த மனப்பாடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வண்டிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது எவ்வளவு கூடுகிறது, அல்லது குறைகிறது? சார்பு வேகம் என்பது அவ்வளவுதான்.

காலை 8 மணிக்கு ஒரு கார் 40 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. 8.30-க்கு அதே இடத்திலிருந்து இன்னொரு கார் 60 கி.மீ. வேகத்தில் துரத்துகிறது. இரண்டாவது கிளம்பும்போது இடைவெளி 20 கி.மீ. மணிக்கு 20 கி.மீ. வீதம் அது குறைகிறது. ஒரு மணி நேரத்தில், அதாவது 9.30-க்குப் பிடித்துவிடும். கூட்டலா கழித்தலா என்று யோசிக்கவே இல்லை, பாருங்கள்! ஆனால் முதல் கார் ஓடியது ஒன்றரை மணி நேரம். எந்தக் காரின் நேரத்தைக் கேட்கிறார்கள் என்று வினாவின் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். இரண்டு எண்ணுமே விடைகளில் இருக்கும்.

ரயில் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். 120 மீட்டர் ரயில் 72 கி.மீ. வேகத்திலும், 180 மீட்டர் ரயில் 36 கி.மீ. வேகத்திலும் எதிரெதிரே வருகின்றன. ஒன்றையொன்று முழுதாகக் கடக்க எவ்வளவு நேரம்? மணிக்கு கி.மீ. என்பதை நொடிக்கு மீட்டராக மாற்ற, முதலில் 5/18 ஆல் பெருக்குங்கள்: நொடிக்கு 20 மீட்டர், 10 மீட்டர். முகப்புகள் சந்திக்கும் கணத்தில் கடைசிப் பெட்டிகளின் பின்முனைகளுக்கு இடையே 300 மீட்டர் இருக்கிறது. நொடிக்கு 30 மீட்டர் வீதம் அது கரைய 10 நொடி. ஒரே திசையில் போனால் நொடிக்கு 10 மீட்டர்தான் கரையும்; வேகமான ரயில் மற்றதை முழுதாகக் கடக்க 30 நொடி. சிறிய ரயிலின் ஜன்னலோரம் அமர்ந்திருப்பவரை எதிர் ரயில் எவ்வளவு நேரத்தில் கடக்கும் என்று கேட்டால், 300-ஐத் தொடவே கூடாது. அவர் ஒரு புள்ளி. அவருக்கு எதிர் ரயிலின் 180 மீட்டர் மட்டுமே கணக்கு. 6 நொடி. எனக்கு மிகவும் பிடித்த வினா இது. புரிந்து போடுபவரைச் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு தாளில் இரண்டு கோடு வரைந்து அம்புக்குறி போட்டுவிட்டே தொடங்குங்கள். நேரம் வீணாகிறதே என்று பதறாதீர்கள்.

கேள்வி: 40 கி.மீ. வேகத்தில் போய் 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி ஏன் 50 இல்லை?

பதில்: மெதுவாகப் போன நேரம் அதிகம் என்பதால். ஒருவழித் தொலைவு 120 கி.மீ. என்றால், போக 3 மணி, வர 2 மணி. 240-ஐ 5 ஆல் வகுத்தால் 48. தொலைவு தராவிட்டாலும் 40, 60 இரண்டாலும் வகுபடும் ஓர் எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளலாம், விடை மாறாது.