இலைப் பணமும் வீட்டுக் கடனும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. இரண்டு பிள்ளைகள், மாமா, அத்தை என்று வீட்டில் ஆறு பேர். மூன்று வருடம் முன்பு வங்கியில் 30 லட்சம் கடன் வாங்கி வீடு கட்டினோம். 20 வருடக் கடன், மாறும் வட்டி, இப்போது 8.5 சதவீதம். மாதம் 26 ஆயிரம் ரூபாய் என் சம்பளத்திலிருந்து போய்விடுகிறது. இதுவரை 9 லட்சத்துக்கு மேல் கட்டியாயிற்று. போன வாரம் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் இன்னும் 28 லட்சம் பாக்கி! தூக்கமே போய்விட்டது.

சீக்கிரம் அடைக்கலாம் என்று டைரி போட்டு ஒவ்வொரு ரூபாயையும் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு பிஸ்கட்டைக்கூடக் குறைத்துவிட்டேன். மாதக் கடைசியில் மிஞ்சுவது ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோதான். இலை நன்றாக வரும் மாதத்தில் கூலி, உரம் போக 15 ஆயிரம் நிற்கும். எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் இலை இருக்காது, இலை வாங்கும் ஏஜெண்டிடம் அட்வான்ஸ் வாங்குவோம்.

கோவையில் இருக்கும் தம்பி, "கடனை ஏன் அடைக்கிறாய், அதை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டும் எஸ்ஐபியில் போடு, வரிச்சலுகையும் வீணாகாது" என்கிறான். அத்தை தன் ஆறு பவுன் சங்கிலியை விற்றுக் கட்டச் சொல்கிறார். மாமாவின் கவலை வேறு: எல்லாம் கட்டி முடித்தாலும் பத்திரத்தை ஒழுங்காகத் திருப்பித் தருவார்களா என்று. என்ன செய்யலாம்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

முதலில் பிஸ்கட்டைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள். 28 லட்சத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். வங்கி உங்களை ஏமாற்றவில்லை, கணக்கே அப்படித்தான். 28 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் இந்த மாத வட்டி மட்டும் 19,800 ரூபாய்க்கு மேல். நீங்கள் கட்டும் 26 ஆயிரத்தில் அது போக, அசலில் கழிவது 6,200 சொச்சம். முதல் மாதம் இதுவும் 4,800 கூட இல்லை. வருடம் போகப் போகத்தான் தராசு அசல் பக்கம் சாயும்.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. தவணைக்கு மேல் நீங்கள் கட்டும் பணம் அப்படியே அசலில்தான் கழியும். இன்று ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால், கடைசியில் வரவேண்டிய தவணைகளில் சுமார் 15 காணாமல் போகும். 15 தவணை என்றால் 3 லட்சத்து 90 ஆயிரம். அதே லட்சத்தைப் பத்து வருடம் கழித்துக் கட்டினால் இதில் பாதிகூடத் தேறாது. வருடா வருடம் ஒரு லட்சம் கட்ட முடிந்தால், பாக்கியிருக்கும் 17 வருடம் பத்தரை வருடத்துக்குள் முடிந்துவிடும். வட்டியில் 10 லட்சத்துக்கு மேல் மிச்சம். வட்டி இதே 8.5 இல் நிற்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஏறினாலும் இறங்கினாலும் கொஞ்சம் மாறும்.

சரி, அந்த ஒரு லட்சம் எங்கே? உங்கள் டைரியில் அது கிடைக்காது. மாதச் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிட்டு, தவணையும் கட்டி, ஆயிரம் மிஞ்சுகிறது என்றால் நீங்கள் சிக்கனமாகத்தான் இருக்கிறீர்கள். அதை இன்னும் பிழிந்தால் வீட்டில் சண்டைதான் வரும். பணம் நழுவுவது உங்கள் கடிதத்திலேயே ஒரே வரியில் வந்துவிட்டது: இலைப் பணம் 15 ஆயிரம் எப்படிப் போகிறது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரியும். நானும் குன்னூரில் இருப்பவன்தானே. ஏப்ரலில் இரண்டு மழை பெய்து, மே, ஜூனில் கொழுந்து வந்து குவியும். கையில் காசு புரண்டால் வீட்டுச் செலவும் கூடவே ஏறிவிடும். பள்ளி விடுமுறை வேறு, ஆளாளுக்கு மலைக்குக் கீழே போகவேண்டும் என்பார்கள். மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் அங்கேயே யார் நிற்கிறார்கள்? கோவை வரை போய், துணி, பிரியாணி, பிள்ளைகளுக்கு ஒரு படம், ராத்திரி வண்டியில் வாந்தி, மறுநாள் லீவு. இரண்டாயிரத்துக்கு ஒரு மிக்ஸி வாங்கப் போய் எட்டாயிரத்தோடு திரும்புகிறோம். நம் மலை வீடுகளில் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கட்சி. மளிகைக் கடையை யாரும் குறை சொல்ல வேண்டாம். மே மாதம் இப்படிப் போனதற்கு ஜனவரியில் ஏஜெண்டிடம் போய் நிற்கிறோம்.

அந்த அட்வான்சுக்கு வட்டி இல்லை என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். இலை எடை போட்டுத் தரும் சீட்டில் வட்டி என்று இருக்காது, எடையில் இருக்கும். மழை நாளில் இலை ஈரம் என்று மூட்டைக்கு இவ்வளவு கழித்தால், அட்வான்ஸ் வாங்கியவர் வாய் திறக்க முடியாது. தேயிலை வாரியம் அறிவிக்கும் மாத விலையைவிடக் குறைத்துத் தந்தாலும் வேறு பேக்டரிக்கோ இண்ட்கோ கூட்டுறவு ஆலைக்கோ இலையை மாற்ற முடியாது. ஒரு வருட இலைச் சீட்டுகளை எடுத்து, கழிவை மட்டும் கூட்டிப் பாருங்கள். 8.5 சதவீதக் கடனைவிடப் பெரிய கடன் எது என்று தெரியும். முதலில் அடைக்க வேண்டியது அதைத்தான்.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டுச் செலவை பிப்ரவரி மாதத்து வருமானத்தில் அமைத்துக்கொள்ளுங்கள், மே மாதத்து வருமானத்தில் வேண்டாம். பன்னிரண்டு மாதமும் உங்கள் சம்பளம் மட்டுமே வீட்டுக்கு. இலைப் பணம் கணவர் பெயரில் தனிக் கணக்குக்குப் போகட்டும், அந்த ஏடிஎம் கார்டு பீரோவுக்குள் இருக்கட்டும். கூலி, உரம், கவாத்து (செடியை வெட்டிவிடுவது) செலவு அதிலிருந்தே. கவாத்து செய்த பகுதியில் மூன்று நான்கு மாதம் இலை இருக்காது என்பதால் அந்த வருடம் லட்சம் தேறாது, அறுபதாயிரம் கட்டினாலும் போதும். அகவிலைப்படி நிலுவை, ஈட்டிய விடுப்பு சரண்டர் பணம் என்று உங்களுக்கு மொத்தமாக வருவதையும் அதே கணக்கில் சேருங்கள். ஆறு நல்ல மாதத்தில் பன்னிரண்டாயிரம் வீதம் நின்றாலே 72 ஆயிரம் ஆயிற்று.

கரண்ட் பில்லையும் ஒரு முறை பாருங்கள். இரண்டாயிரம் வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆறு பேர் குளித்தால் நாளைக்கு ஆறு, இரண்டு மாத பில்லில் 360. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, நடுவில் உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். பழைய விறகு பாய்லர் பின்பக்கம் சும்மா கிடந்தால், கவாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சி இருக்கிறதே, பற்ற வையுங்கள்.

இன்னொன்று, சேர்ந்த பணம் அத்தனையையும் கடனில் கொட்டிவிடாதீர்கள். நம் வீடுகள் சரிவில் நிற்கின்றன. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நிலச்சரிவில் போனார்கள். தடுப்புச் சுவர் வீங்குகிறது என்று தெரிந்த அன்று கையில் காசு வேண்டும். வங்கியில் கட்டியதைத் திருப்பிக் கேட்க முடியாது. மூன்று மாதச் செலவும் தவணையும் தனியே நின்ற பிறகுதான் முதல் லட்சம். அத்தையின் சங்கிலி அதற்கும் பின்னால் இருக்கும் அரண். அது அவர் கழுத்திலேயே இருக்கட்டும்.

தம்பி சொல்வது தப்பில்லை, அவர் நிலைமைக்குச் சரி. பங்குச்சந்தை நீண்ட காலத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் தரலாம், தராமலும் போகலாம். கடனை அடைத்தால் 8.5 நிச்சயம், அதற்கு வரியும் இல்லை. வருமானத்தில் ஒரு பகுதி மழையை நம்பியிருக்கும் வீட்டில் எனக்கு நிச்சயம்தான் பெரிது. வரிச்சலுகை கதை இன்னும் வேடிக்கை: புதிய வரி முறையில் இருந்தால் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையிலும், முப்பது ரூபாய் வரியை மிச்சம் பிடிக்க நூறு ரூபாய் வட்டி கட்டுவார்களா?

வங்கிக்குப் போகும்போது ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைக்கவும்" என்று இருக்கட்டும். சொல்லாவிட்டால் சில இடங்களில் இஎம்ஐயைக் குறைத்துவிடுவார்கள், மிச்சமாகும் வட்டியில் பெரும்பகுதி போய்விடும். மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டிக் கட்ட வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 இலேயே சொல்லிவிட்டது. கேட்டால் கொடுக்காதீர்கள். அதேபோல 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டி) 4 இலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது பல பேருக்கு இஎம்ஐ அப்படியே இருந்தது, வருடங்கள் மட்டும் சத்தமில்லாமல் நீண்டன. உங்களுக்கும் நீண்டிருக்கிறதா என்று அந்த ஸ்டேட்மென்ட்டிலேயே பாருங்கள். இஎம்ஐயை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களிடம் கேட்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் உத்தரவு.

கடைசியாக மாமாவுக்கு. கடன் முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி தந்துவிட வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள்தான் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. பத்திரம் கைக்கு வந்ததோடு நிறுத்தாமல், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி ஆளோடு சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒரு வில்லங்கச் சான்று போட்டு, கடன் வாங்கியபோது பதிவான அடமானத்துக்கு நேரே ரசீது ஏறியிருக்கிறதா என்று மாமாவையே பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.