நீட் தேர்வுக்குப் பிறகு நிலவியல்: அரியலூர்த் தாயார் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருமுறை நீட் எழுதியும் இடம் கிடைக்காத உங்கள் மகள், ஜியாலஜி எனப்படும் நிலவியலில் சேரப் போவதாகச் சொல்வது உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. தாவரவியலும் விலங்கியலும் படித்த பிள்ளைக்குக் கல்லும் மண்ணும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் படித்த உயிரியல் இந்தத் துறையில் வீணாகப் போகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அரியலூரில் இருப்பதால் இதை விளக்குவது எளிது. உங்கள் ஊர்ச் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் சுண்ணாம்புக்கல், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது உருவானது. கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சிப்பி ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். மழையில் கரைந்த பாறையிலிருந்து ஆறுகள் கடலுக்குக் கொண்டுவந்த கால்சியத்தை அந்தச் சிப்பிகள் ஓடாக மாற்றிக்கொண்டன; அவை மடிந்தபின் அந்த ஓடுகளே மறுபடி பாறையாயின. இதில் நிலவியல் எங்கே முடிகிறது, உயிரியல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க என்னால் முடியவில்லை.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், மழை அரித்த செந்நிற ஓடைகளில், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. கணவாயின் தூரத்து உறவான அந்த உயிரினம் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தையொட்டி, உலகிலிருந்தே மறைந்துவிட்டது. எனவே அது பதிந்திருக்கும் பாறை அடுக்கு அதற்கு முற்பட்டது என்று விலங்கியல் தெரிந்தவரால் சொல்ல முடிகிறது. எண்ணெய் தேடித் துளையிடும்போது மேலே வரும் பாறைத் துகள்களின் வயதையும், போராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்தே கணிக்கிறார்கள். உங்கள் மகள் இரண்டு ஆண்டுகள் மனப்பாடம் செய்த விலங்கு வகைப்பாடு இங்கே அன்றாட வேலைக் கருவி.

இனி வேலை. பி.எஸ்சி.யோடு நின்றால் வாய்ப்புகள் குறைவு. இதை மறைப்பது உங்களுக்கு நான் செய்யும் தீங்காகும். எம்.எஸ்சி. முடித்திருந்தால், அல்லது அதன் இறுதியாண்டில் இருந்தால்தான், யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுத முடியும். 1851-இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் நிலவியலாளர்களை அந்தத் தேர்வின் வழியாகவே எடுக்கிறார்கள். அதன் பாடத்திட்டத்தில், புதைபடிவங்களை ஆராயும் தொல்லுயிரியல் ஒரு பகுதி. ஆராய்ச்சியில் நாட்டம் வந்தால் லக்னோவில் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத் தேர்வில் நிலவியலுக்குத் தனித் தாள் உண்டு. சிமென்ட், சுரங்கம், நிலத்தடி நீர் ஆய்வு போன்ற தனியார் பணிகளும் உள்ளன. எப்படிப் பார்த்தாலும் குறைந்தது ஐந்து ஆண்டுப் படிப்பு. அதற்கான செலவையும் பொறுமையையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

பெண் பிள்ளை வெயிலில் சுத்தியலோடு அலைய வேண்டுமா என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. களப்பயணம் இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. ஆகவே சேருமுன் அந்தத் துறையில் படிக்கும் மாணவிகள் இரண்டு பேரிடம் பேசுங்கள். பயண நாட்களில் தங்கும் இடம், உடன் வரும் ஆசிரியர்கள் பற்றித் துறைத் தலைவரிடம் நேரிலேயே கேளுங்கள்.

விண்ணப்பிக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. தமிழில் புவியியல் என்ற சொல் ஜியாகிரபிக்கும் ஜியாலஜிக்கும் புழங்குவதால், பாடப் பெயரை ஆங்கிலத்திலும் சரிபாருங்கள். மற்றொன்று கணிதம். உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவள். சில நிறுவனங்கள் எம்.எஸ்சி. சேர்க்கையில் அதைக் கேட்பதுண்டு. பட்டப்படிப்பில் கணிதத்தைத் துணைப்பாடமாகத் தரும் கல்லூரி கிடைத்தால், சற்றுத் தொலைவாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.